கரையேறிய பின்னும் தரை ஏன் ஆடுகிறது?

மூதூரிலிருந்து லோஞ்சில் திருகோணமலைக்கு வந்து இறங்கியவர்களுக்கும், நிலாவெளியில் வள்ளம் பிடித்துத் திமிங்கிலம் பார்க்கப் போய்த் திரும்பியவர்களுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. கொட்டியாரக்குடாவைக் கடந்தாயிற்று. இறங்குதுறையில் கால் வைத்தாயிற்று. காலுக்குக் கீழே இருப்பது கொங்கிறீற்று. ஆனாலும் அது மெல்ல ஏறி இறங்குவதுபோல் இருக்கிறது. வீட்டுக்கு வந்து முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆட்டம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. இரவு பாயில் படுத்தால் பாயும் சேர்ந்து அசைகிறது. விடிந்து எழுந்தால் ஒன்றுமில்லை.

கடலில் வரும் மயக்கம் வேறு, இது வேறு. கடலில் உண்மையாகவே ஆட்டம் இருக்கிறது. உடல் அதைத் தாங்க முடியாமல் குமட்டுகிறது. கரையிலோ ஆட்டமே இல்லை. உள்காதில் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலை சுழல்வதை அறிகின்றன. நுண்ணிய கற்கள் பதிந்த இரண்டு பைகள் தலை சாய்வதையும் நேர்கோட்டில் நகர்வதையும் அறிகின்றன. படுத்திருப்பவருக்கு இவை எல்லாம் 'அசைவில்லை' என்றே அறிவிக்கின்றன. கண்ணும் அதையே சொல்கிறது. சாட்சிகள் எல்லாம் ஒரே வாக்குமூலம் கொடுக்கும்போது, மூளை மட்டும் ஏன் ஆட்டத்தை உணர்கிறது?

இதற்கான விடையைத் தேடினால், வழி மருத்துவமனைக்குப் போகுமுன் துறைமுகத்துக்கே திரும்புகிறது. 19ஆம் நூற்றாண்டின் பொறியியலாளர்கள் துறைமுகங்களுக்காகச் செய்த ஒரு பித்தளை இயந்திரத்திலிருந்து தொடங்கலாம்.

கடலைக் கணித்த இயந்திரம்

திருகோணமலையில் கடல் நாள்தோறும் ஏறி இறங்குவதைப் பலர் கவனிப்பதில்லை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. இலங்கைப் பாடநூல்கள் இதை வற்றுப்பெருக்கு என்கின்றன. தமிழ்நாட்டில் ஓதம் என்கிறார்கள். சிறியதாக இருந்தாலும், அடித்தளம் தட்டாமல் கப்பலைத் துறைக்குள் கொண்டுவர வேண்டிய மாலுமிக்கு நாளைக் காலை நீர்மட்டம் எவ்வளவு என்பது தெரிந்தாக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், வற்றுப்பெருக்கு ஒரே தாளத்தில் நடப்பதில்லை. நிலவின் ஈர்ப்பால் எழும் முக்கிய ஏற்றம் 12 மணித்தியாலம் 25 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சத்தைத் தொடும். சூரியனால் எழுவது 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நிலவும் சூரியனும் நடுக்கோட்டுக்கு வடக்கும் தெற்குமாக நகர்வதால் ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை வரும் தாளங்களும் உண்டு. நிலவு பூமிக்கு நெருங்குவதும் விலகுவதும் இன்னும் சிலவற்றைச் சேர்க்கும். இவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலந்ததே கரையில் நாம் காணும் நீர்மட்டம். கையால் கணக்குப் போட்டால் ஒரு துறைமுகத்தின் ஒரு வருட அட்டவணைக்குப் பல பேரின் பல மாத உழைப்பு தேவை.

வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1872இல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு சில்லு. சில்லு சுற்றும்போது அதனோடு இணைந்த கப்பி மேலும் கீழும் போகும். வேகம், உயரம், உச்சம் தொடும் நேரம் மூன்றும் அந்தத் தாளத்துக்குரியவை. ஒரு முனை கட்டப்பட்ட ஒற்றைக் கம்பி, எல்லாக் கப்பிகளின் மேலும் கீழுமாக வளைந்து சென்று, மறுமுனையில் ஒரு பேனாவைத் தூக்கிப் பிடித்திருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் ஒவ்வொரு கப்பியும் தன் பங்குக்குக் கம்பியை இழுக்கும் அல்லது தளர்த்தும். எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் பேனாவின் அசைவாக, உருளும் காகிதத்தில் வளைகோடாக விழும். சில மணித்தியாலங்கள் கைப்பிடியைச் சுற்றினால் ஒரு துறைமுகத்தின் வருட வற்றுப்பெருக்கு கையில் கிடைத்துவிடும்.

இந்த வகை இயந்திரம் ஒன்று 1879இல் லண்டனிலிருந்த இந்திய அலுவலகத்துக்காகவே செய்யப்பட்டது. எட்வர்ட் றொபேட்ஸ் வடிவமைத்த அது முதலில் 20 தாளங்களையும் பின்னர் 24 தாளங்களையும் கூட்டியது. இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டிய எண்களோ கரையிலிருந்துதான் வர வேண்டும். அதற்காக இந்திய நில அளவைத் திணைக்களம் துறைமுகந்தோறும் பதிகருவி வைத்து வருடக்கணக்கில் நீர்மட்டத்தை அளந்தது. 1890களில் அப்படி அளக்கப்பட்ட துறைமுகங்களில் திருகோணமலையும் ஒன்று.

இதில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அது பார்வைக்குக் கடலைப்போல் இருப்பதும் இல்லை. ஆனால் கடலின் தாளங்கள் ஒன்றோடொன்று எந்த உறவில் இருக்கின்றனவோ, அதே உறவில் அதன் சில்லுகள் இருக்கின்றன. ஆகவே கடல் நாளை செய்யப்போவதை இயந்திரம் இன்றே செய்து காட்டிவிடுகிறது.

கிறெய்க் சொன்னது

1943இல் கேம்பிரிட்ஜில் கென்னத் கிறெய்க் என்ற இளம் உளவியலாளர் 'விளக்கத்தின் இயல்பு' என்று பொருள்படும் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். கருவிகள் செய்வதில் கைதேர்ந்தவர் அவர். நூலின் மையக் கருத்து இது: மூளை தன்னைச் சுற்றியுள்ள உலகின் சிறு மாதிரியுரு ஒன்றை உள்ளே வைத்திருக்கிறது. ஒரு காரியத்தைச் செய்யுமுன் அதை அந்த மாதிரியுருவில் ஓட்டிப் பார்க்கிறது. விளைவு நல்லதென்றால் செய்கிறது, ஆபத்தென்றால் விட்டுவிடுகிறது. மாதிரியுரு என்றால் மூளைக்குள் உலகின் படம் ஒட்டியிருக்கிறது என்று பொருளல்ல. உறவுகள் ஒத்திருந்தால் போதும் என்று விளக்குவதற்கு அவர் எடுத்துக்காட்டியவற்றில் கெல்வினின் வற்றுப்பெருக்கு இயந்திரமும் உண்டு.

இதை இன்று அகமாதிரி என்று சொல்லலாம். கேட்கும்போது எளிமையாக இருக்கும் இந்தக் கருத்து அன்று பெரிய துணிச்சல். மூளையைத் தொலைபேசி இணைப்பகமாக நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. வெளியிலிருந்து அழைப்பு வரும், உள்ளே இணைப்புக் கொடுக்கப்படும், பதில் போகும். அழைப்பு வராவிட்டால் இணைப்பகத்துக்கு வேலை இல்லை. கிறெய்க்கின் இயந்திரமோ அழைப்பு வருமுன்பே ஓடிக்கொண்டிருக்கிறது.

பார்த்துச் சுட்டால் பிந்திவிடும்

இந்த மாற்றம் போர்க்காலத்தில் வந்தது தற்செயல் அல்ல. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலையின் முறை. இங்கே ராடார் விமானங்களைத் தொலைவிலேயே கண்டுவிட்டது. துறைமுகம் தயாராகச் சிறிது அவகாசம் கிடைத்தது. ஆனாலும் சேதம் பெரிது. முன்கூட்டியே துறையை விட்டு வெளியேறியிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

ராடாரில் கண்ட விமானத்தை வீழ்த்துவது இன்னொரு கணக்கு. குண்டு மேலே போய்ச் சேரச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் விமானம் நெடுந்தூரம் போய்விடும். எனவே விமானம் இருக்கும் இடத்தைக் குறிவைப்பதில் பயனில்லை. அது இருக்கப்போகும் இடத்தைக் குறிவைக்க வேண்டும். இதற்கு இயந்திரம் செய்ய முயன்ற அமெரிக்கக் கணிதவியலாளர் நோர்பேட் வீனர், விமானியையும் பீரங்கிக்காரரையும் ஒரே கணக்கில் சேர்த்தார். இருவரும் தம் செயலின் விளைவைப் பார்த்து, இலக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று கண்டு, அடுத்த அசைவைத் திருத்துகிறார்கள். விளைவு மீண்டும் உள்ளே வந்து செயலைத் திருத்தும் இந்தச் சுற்றுக்குப் பின்னூட்டம் என்று பெயர். குளிர்சாதனப் பெட்டி தன் வெப்பநிலையைக் காப்பதும், கப்பல் தன் திசையைக் காப்பதும் இதனால்தான்.

ஆனால் பின்னூட்டத்துக்கு ஒரு குறை உண்டு: அது எப்போதும் பிந்தியே வரும். கிறெய்க் போர்க்காலத்தில் இலக்கைக் கைப்பிடியால் பின்தொடரும் ஆட்களைச் சோதித்தார். அவர்களின் கை தொடர்ச்சியாகத் திருத்திக்கொண்டிருக்கவில்லை. ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒருமுறை, விட்டுவிட்டுத் திருத்தியது. அந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டி ஊகித்தே கை நகர்ந்தது. வள்ளத்தில் சுக்கான் பிடிப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அணியம் திரும்பியதைக் கண்ட பின் சுக்கானைத் திருப்பினால் வள்ளம் பாம்புபோல் நெளிந்து நெளிந்துதான் போகும். திரும்பப்போவதை முன்னறிந்து பிடிப்பவரே நேராக ஓட்டுவார்.

கிறெய்க் இந்த ஆய்வை முடிக்கவில்லை. 1945 மே மாதம், ஐரோப்பாவில் போர் முடியும் தறுவாயில், கேம்பிரிட்ஜில் சைக்கிளில் போகும்போது விபத்தில் சிக்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 31. மனிதரை ஒரு கட்டுப்பாட்டு அமைப்பின் உறுப்பாகப் பார்க்கும் அவருடைய கட்டுரைகள் அவர் இறந்த பின்னரே அச்சேறின.

உண்மை என்று எப்படித் தெரியும்?

அகமாதிரி இருக்கிறது என்று சொல்வது எளிது. மூளையைத் திறந்தால் கப்பியும் கம்பியும் கிடைக்கப்போவதில்லை. பின் எதை வைத்து நம்புவது?

முதல் சோதனையை இப்போதே செய்யலாம். கண்ணை இடமும் வலமுமாக ஓட்டுங்கள். விழித்திரையில் காட்சி முழுவதும் அள்ளுண்டு போகிறது, ஆனாலும் அறை அசையாமல் நிற்கிறது. இனி ஒரு கண்ணை மூடி, திறந்த கண்ணின் வெளி ஓரத்தில் இமைக்கு மேலாக விரலால் மிக மெதுவாகத் தட்டுங்கள். அறை துள்ளும். இரண்டு தடவையும் விழித்திரையில் நடந்தது ஒன்றே: படம் நகர்ந்தது. வித்தியாசம் கட்டளையில் இருக்கிறது. கண் தசைக்கு 'திரும்பு' என்று மூளை கட்டளையிடும்போது, அதன் பிரதி ஒன்று மூளைக்குள்ளேயே இன்னொரு பகுதிக்கும் போகிறது. 'படம் இவ்வளவு நகரும்' என்று அந்தப் பகுதி எதிர்வுகூறி, வந்த அசைவிலிருந்து அதைக் கழித்துவிடுகிறது. விரலால் தட்டும்போது அந்தக் கட்டளை இல்லை. கழிக்க ஒன்றும் இல்லை. உலகமே அசைந்ததாகத் தோன்றுகிறது.

இது கற்பனை அல்ல என்பதை 1950இல் ஜேர்மனியின் எரிக் ஃபொன் ஹோல்ஸ்ற், ஹோர்ஸ்ற் மிற்றல்ஸ்ரெட் இருவரும் ஓர் ஈயைக் கொண்டு காட்டினார்கள். தேனீயைப்போல் தோன்றும் அந்த ஈயைச் சுற்றி வரிக்கோடு போட்ட உருளையைத் திருப்பினால், ஈயும் அதே பக்கம் திரும்பும். ஆனால் அது தானாக நடக்கும்போதும் கோடுகள் அதன் கண்ணில் நகரத்தான் செய்கின்றன. அப்போது மட்டும் அந்த அனிச்சை ஏன் அதைத் தடுப்பதில்லை? நடக்கும் நேரத்தில் அனிச்சை நிறுத்தி வைக்கப்படுகிறது என்பது ஒரு விளக்கம். எதிர்பார்த்த அசைவு கழிக்கப்படுகிறது என்பது மற்றது. இரண்டில் எது சரி என்று பார்க்க, ஈயின் தலையைக் கழுத்தில் 180 பாகை திருப்பி ஒட்டினார்கள். இப்போது அதன் இடமும் வலமும் கண்ணுக்கு மாறிவிட்டன. அனிச்சை நிறுத்தப்படுகிறது என்பது உண்மையானால், தலை எப்படி இருந்தாலும் ஈ ஒழுங்காக நடக்க வேண்டும். ஈயோ நடக்கத் தொடங்கியதும் சிறு வட்டங்களாகச் சுழன்றது. கழிக்க வேண்டியது தலைகீழாகிவிட்டதால் கூடிவிட்டது. அதே வருடம் அமெரிக்காவில் றொஜர் ஸ்பெரி, கண் திருப்பி வைக்கப்பட்ட மீன் ஒன்று ஓயாமல் வட்டமிடுவதைக் கண்டு இதே முடிவுக்கு வந்தார்.

மனிதரிலும் சோதிக்க வழி உண்டு. தன் கையால் தனக்குக் கிச்சுக்கிச்சு மூட்ட முடியாதென்பது குழந்தைகளுக்கும் தெரியும். லண்டனில் சேரா ஜெய்ன் பிளேக்மோரும் கூட்டாளிகளும் 1990களின் இறுதியில் இதற்கு இரண்டு ரோபோக்களைப் பயன்படுத்தினார்கள். இடது கையால் ஒன்றின் கைப்பிடியை அசைத்தால், மற்றது ஒரு மெல்லிய பஞ்சு முனையால் வலது உள்ளங்கையை வருடும். உடனுக்குடன் வருடினால் கூச்சம் குறைவு. கை அசைவுக்கும் வருடலுக்கும் இடையே ஒரு விநாடியில் பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று பங்கு என்று தாமதம் வைத்தபோது கூச்சம் படிப்படியாகக் கூடியது. கை அதே கை, வருடல் அதே வருடல். எதிர்பார்த்த நேரம் தப்பியது மட்டுமே மாற்றம்.

மீண்டும் பாய்க்கு

இனி ஆடும் பாயை விளக்கலாம். குடாவைக் கடக்கும்போது அலையின் ஆட்டத்துக்கு ஒரு தாளம் இருக்கிறது. முதலில் மூளைக்கு அது செய்தி. சிறிது நேரத்தில் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. 'அடுத்து இடப்பக்கம் சாயும், பிறகு வலப்பக்கம்' என்று எதிர்வுகூறிக் கழிக்கத் தொடங்குகிறது. கடலில் கால் பிடித்துவிட்டது என்று நாம் சொல்வது இதைத்தான். கரையில் இறங்கியதும் அலை நின்றுவிட்டது. கழித்தல் நிற்கவில்லை. பூச்சியத்திலிருந்து ஓர் ஆட்டத்தைக் கழித்தால் எதிர்ப்பக்க ஆட்டம்தான் எஞ்சும். கண்ணை மூடும்போது கூடுவதும் இதனால்தான். 'தரை நிலையாக இருக்கிறது' என்று உரக்கச் சொல்லும் ஒரு சாட்சி அப்போது விலகிவிடுகிறது.

இப்போதைக்கு இருக்கும் விளக்கங்களில் வலுவானது இது. பெரும்பாலானோருக்குச் சில மணித்தியாலங்களில், மிஞ்சினால் ஓரிரு நாட்களில், மூளை பழைய கணக்குக்குத் திரும்பிவிடும். மிகச் சிலருக்கு மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் ஆட்டம் தொடர்கிறது. ஸ்கானில் ஒன்றும் தெரியாது, காதிலும் பழுதில்லை. 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படும் நோயாளிகள் இவர்கள். நியூயோர்க்கின் மவுன்ட் சைனாய் மருத்துவமனையில் மிங்ஜியா டாயும் குழுவினரும் பழுது உறுப்பில் அல்ல, கடலில் கற்ற பழக்கம் கழன்றுபோகாததில்தான் என்று கொண்டு சிகிச்சை வகுத்தார்கள். சுற்றிவர மெல்ல நகரும் வரிக்கோடுகளைப் பார்க்கவைத்து, நோயாளி உணரும் ஆட்டத்தின் அதே தாளத்தில் தலையைத் தோளுக்குத் தோள் சாய்த்தார்கள். 2014இல் வெளியிட்ட முடிவின்படி 24 பேரில் சுமார் 70 சதவீதமானோர் முழுமையாகவோ பெருமளவோ தேறினார்கள். உவமை ஒன்று சிகிச்சையாகும் வரை வந்துவிட்டது.

எஞ்சியதே செய்தி

எதிர்வுகூறிக் கழிப்பதால் மூளைக்கு என்ன இலாபம்? கடை மூடும் நேரத்து முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இவ்வளவு இருக்க வேண்டும் என்பது கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. எண்ணிப் பார்த்துச் சரியாக இருந்தால் ஒவ்வொரு விற்பனையையும் அவர் மீண்டும் கிளறுவதில்லை. நூறு ரூபாய் குறைந்தால்தான் விசாரணை. மூளையும் எதிர்பார்த்தபடி நடப்பவற்றைப் பெரிதுபடுத்தாமல் விட்டு, வித்தியாசத்தில் கவனத்தைச் செலவிடுகிறது. இதை எதிர்வுகூறல் வழு என்கிறார்கள். பார்வை நரம்பணுக்களின் சில புதிரான நடத்தைகளை இந்தக் கணக்கால் விளக்கலாம் என்று 1999இல் ராஜேஷ் ராவும் டேனா பல்லார்டும் கணினி மாதிரியுரு ஒன்றின் மூலம் காட்டினார்கள். சிந்துவெளி எழுத்துகளின் ஆய்வில் தமிழ் வாசகர்கள் கேள்விப்பட்ட அதே ராஜேஷ் ராவ்தான்.

கடலியலாளர்களும் இதையே செய்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியை ஆராய்ந்தவர்கள், துறைமுகப் பதிகருவிகளின் நீர்மட்டக் கோட்டை எடுத்து, அன்று வந்திருக்க வேண்டிய வற்றுப்பெருக்கை அதிலிருந்து கழித்தார்கள். எஞ்சியது சுனாமி. வற்றுப்பெருக்கு இயந்திரத்தால் சுனாமியை ஒருபோதும் கணித்திருக்க முடியாது. ஆனால் அது கணித்ததைக் கழிக்காமல் சுனாமியின் உண்மையான உருவத்தைப் பார்க்கவும் முடியாது.

கொதிகலன் என்ற உவமை

எல்லாப் பொறியியல் உவமைகளும் இப்படிப் பலன் தரவில்லை. மனதைக் கொதிகலனாகப் பார்க்கும் உவமை இவற்றில் மிகப் பிரபலம். உள்ளே அழுத்தம் ஏறுகிறது, அடக்கி வைத்தால் வெடித்துவிடும், ஆவியை வெளியே விட வேண்டும். நீராவி இயந்திரங்களின் நூற்றாண்டில் வளர்ந்த ஃப்ராய்டின் சிந்தனையில் இதன் சாயல் உண்டு. 'மனசில வைச்சிருக்காதே, கொட்டிடு' என்ற நம் வீட்டு ஆறுதலும் இதே வழியில் போகிறது.

கொதிகலன் என்றால், ஆவியை விட்டதும் அழுத்தம் குறைய வேண்டும். இதைச் சோதிக்கலாம். 2002இல் அமெரிக்க உளவியலாளர் பிரட் புஷ்மன், மாணவர்களைக் கோபமூட்டிவிட்டு ஒரு குழுவிடம் கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார். இன்னொரு குழு சும்மா இருந்தது. குத்தியவர்களுக்குக் கோபம் குறையவில்லை. சும்மா இருந்தவர்களைவிட அவர்களிடமே கோபமும் சீண்டலும் கூடுதலாக இருந்தன. கோபம் தொட்டியில் நிற்கும் நீராவி அல்ல. பழகப் பழக வலுக்கும் ஒரு பாதையாகவே அது நடந்துகொண்டது.

ஆய்வுகூடத்தோடு இந்தத் தவறு நிற்கவில்லை. பேரழிவுக்குப் பிறகு, சில நாட்களுக்குள், நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் விவரமாகச் சொல்லவைத்து உள்ளிருப்பதை வெளியேற்றும் முறை ஒன்று 1980களில் பரவியது. இம்முறை குறித்த பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒற்றை அமர்வில் கொட்டவைப்பது பின்னாளைய மனவடு நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடிந்திருக்கலாம் என்பது அதன் முடிவு. இரண்டு வருடம் கழித்து, மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி என்று திருகோணமலை மாவட்டத்தின் கரையோரத்தையும் சுனாமி வாரிக்கொண்டு போனது. உள்ளூரிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் உளவளத் துணைக்கென்று பலர் வந்தார்கள். எந்த உவமையை மனதில் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்பது அப்போது வெறும் தத்துவக் கேள்வியாக இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் பங்காளி நிறுவனங்களும் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் வேறு வழியைச் சொல்கிறது: பாதுகாப்பு, உணவு, குடும்பத்தவரோடு சேர்த்துவைத்தல். பேச விரும்புபவரைக் கேளுங்கள், விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள்.

கொதிகலனுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது தனியாக நிற்கும் பொருள். யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரும் சுனாமியும் கண்ட வடக்கின் மக்களைப் பற்றி 2007இல் எழுதிய ஆய்வில் கூட்டு மனவடு என்ற கருத்தை முன்வைத்தார். உடைந்தவை தனித்தனி மனங்கள் மட்டுமல்ல. குடும்பம், ஊர், கோயில், நம்பிக்கை என்று மனங்களைத் தாங்கிய உறவுகளும் உடைந்தன, ஆகவே சிகிச்சையும் அங்கேயும் நடக்க வேண்டும் என்றார். ஒரு மனிதர், ஒரு இயந்திரம் என்று வரைந்த எந்தப் படத்திலும் இது அகப்படாது.

மனிதரை ஒரு கட்டுப்பாட்டு அமைப்பின் உறுப்பாகப் பார்க்கும் உவமைக்கும் எல்லை உண்டு. போர்க்காலத்தில் ராடார் திரையைப் பார்த்திருப்பவரை, ஒளிப்புள்ளியைக் கண்டால் சொல்லும் ஒரு கருவியாகக் கொள்வது வசதியாக இருந்தது. நோமன் மக்வேர்த் என்ற ஆய்வாளர் அவர்களுக்காக ஒரு கடிகாரம் செய்தார். அதன் முள் விநாடிக்கு ஒருமுறை சிறு துள்ளல் துள்ளும். எப்போதாவது இரட்டைத் துள்ளல். அதைக் கண்டால் அறிவிக்க வேண்டும். 1948இல் வெளிவந்த முடிவின்படி, முதல் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஆட்கள் தவறவிடுவது தெளிவாகக் கூடியது. கருவி அலுப்பதில்லை, ஆள் அலுக்கிறார். இந்த வித்தியாசம் கண்ணில் பட்டதே, கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான். வெகுநேரம் கண்காணிக்கும் வேலைகளில் ஆளை மாற்றி மாற்றி அமர்த்த வேண்டும் என்ற வாதத்துக்கு இது அறிவியல் ஆதாரமானது.

மூளை ஒரு கணினி என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். நாளை வேறொரு இயந்திரம் அந்த இடத்தைப் பிடிக்கும். மனம் உண்மையில் எந்த இயந்திரம் என்று வாதாடுவதில் பயன் குறைவு. வற்றுப்பெருக்கு இயந்திரம் கடல் அல்ல என்பது கெல்வினுக்கும் தெரியும், கப்பலோட்டிக்கும் தெரியும். ஆனாலும் அட்டவணையை நம்பிக் கப்பல் உள்ளே வந்தது. அட்டவணையைக் கரையில் நின்று அளந்து பார்க்க முடிந்ததே அந்த நம்பிக்கைக்குக் காரணம்.

எனவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். மேடையிலோ வகுப்பறையிலோ கைபேசிக் காணொளியிலோ மனதை ஓர் இயந்திரத்தோடு ஒப்பிட்டு யாராவது பேசினால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நீங்கள் சொல்வது சரியென்றால், நாங்கள் பார்த்து உறுதிசெய்யக்கூடியதாக என்ன நடக்க வேண்டும்? அப்படி நடக்காமல் போன இடம் எது? இவற்றுக்குப் பதில் இல்லாத உவமையை இரசித்துவிட்டுப் போகலாம். துயரத்தில் இருக்கும் ஒருவருக்கு அதை வைத்து ஆலோசனை மட்டும் சொல்லக் கூடாது.